கேட்டுவிட்டுச் சண்டை போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கொரியப் பாடகர்களுக்காகக் கட்சி கட்டிக்கொண்டு, யாருடைய ஆல்பம் பெரியது என்று பஸ்ஸிலும் தெருவிலும் சண்டை போடுகிறார்கள், மொழியே தெரியாத பாட்டுக்கு எதற்கு இந்தச் சண்டை, பெற்றவர்கள் இதை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இருபது வருஷம் இந்தச் சண்டைக்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் சோறு சாப்பிட்டேன்.

1983 முதல் 2004 வரை புளியந்தோப்பில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். எட்டுக்குப் பத்து அடி இடம். ஒரு டபுள் டெக், ஆம்ப்ளிஃபயர், ஈக்வலைசர், அப்புறம் மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டு விற்பவரிடம் வாங்கிய ஒரு சேஞ்சர், அதாவது தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் பெட்டி. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அந்த சேஞ்சர் மட்டும் என் கடையில் இன்னும் பத்து வருஷம் ஓடியது. வாடிக்கையாளர்கள் நோட்டுப் பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்போம். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, மீட்டர் ஊசி சிவப்பைத் தொடாதபடி சத்தத்தின் லெவல் வைத்து, தட்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்றுவோம். முக்கால் மணி நேரப் பாட்டை ஏற்ற முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் வேறு வேலைக்குப் போக முடியாது, எங்கே தட்டு தாவும், எங்கே டேப் முடியும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் என் கடையில் பதிந்த ஒவ்வொரு பாட்டையும் நான் முழுசாகக் கேட்டிருக்கிறேன், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். கம்பெனிகளிடம் அனுமதி வாங்கிப் பதிந்ததில்லை. அன்று ஊர் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஆனாலும் அது சரியில்லை என்று இன்று தெரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்கு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவன் வியாசர்பாடிப் பையன், அப்போது பத்தொன்பது வயது இருக்கும். அவன் அப்பாவுக்கு பி அண்ட் சி மில்லில் வேலை. பையன் பிரேக் டான்ஸ் குரூப் வைத்திருந்தான். மைக்கேல் ஜாக்சன் என்றால் உயிரை விடுவான். இன்னொருவர் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் ரயில் பட்டறையில் பிட்டர், ஆங்கிலோ இந்தியர், அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருக்கு அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ்தான் எல்லாம். ராயபுரத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போன உறவினர் ஒருவர் 1985-ல் அவருக்கு 'பர்ப்பிள் ரெயின்' தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரின்ஸ் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் அட்டை. அதை ஒரு துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைக்காமல் கையில் அணைத்துக்கொண்டே பெரம்பூரிலிருந்து நடந்து வந்தார்.

பையனிடம் பர்மா பஜாரில் வாங்கிய 'திரில்லர்' இருந்தது. வெள்ளை சூட்டில் ஜாக்சன் சாய்ந்திருக்கும் அட்டை. அதை விரித்தால் உள்ளே அவர் முழங்காலில் ஒரு புலிக்குட்டி இருக்கும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் புலிக்குட்டியைக் காட்டுவான்.

1982-ல் வந்த 'திரில்லர்', 1984-ல் வந்த 'பர்ப்பிள் ரெயின்', இரண்டிலும் ஒன்பது பாட்டு. ஒன்று 42 நிமிஷம் சொச்சம், இன்னொன்று 44 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். ஏ பக்கம் ஒன்று, பி பக்கம் ஒன்று, அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. எந்தப் பக்கம் யாருக்கு என்று அதற்கும் ஒரு சண்டை வந்தது. பூவா தலையா போட்டோம். ஏ பக்கம் ஜாக்சனுக்கு விழுந்தது. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தேன். அதில் ஒரு விஷயம் நான் யோசிக்காமலே நடந்துவிட்டது. தன் ஆளை மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்க வேண்டும் என்றால் ஒன்று ரீவைண்ட் பண்ண வேண்டும், இல்லையென்றால் திருப்பிப் போட்டு எதிரியின் பாட்டை முழுசாக ஓட விட வேண்டும். பையனின் டேப் ரிக்கார்டரில் ரீவைண்ட் பட்டன் உடைந்திருந்தது. பேனாவை விட்டுச் சுற்றுவதற்கு அவனுக்குப் பொறுமை கிடையாது.

மூன்றாம் நாள் பையன் கோபமாக வந்தான். "இன்னாணா இது, பி பக்கத்துல ஆறாவது பாட்டுல பேஸே விழலை. வேற ரெக்கார்டு பண்ணிக் குடு" என்றான். பேஸ் என்பது பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த ஒலி. நான் பயந்துபோனேன். ஹெட்டைத் துடைத்தேன். ஒயரை மாற்றினேன். ஈக்வலைசரில் பேஸ் குமிழை எல்லாம் மேலே தள்ளினேன். டிரம் கனமாக வந்தது, அடியில் ஒன்றும் வரவில்லை. லோகோ நண்பரைத் தட்டோடு வரச் சொல்லி, நேராகத் தட்டையே போட்டோம். அதிலும் இல்லை. 'வென் டவ்ஸ் க்ரை' என்ற அந்தப் பாட்டில் பேஸ் கிட்டாரே கிடையாது, வேண்டுமென்றே எடுத்துவிட்டார் பிரின்ஸ். அது 1984-ல் அமெரிக்காவில் முதல் இடத்துக்குப் போன பாட்டு.

ஆடுகிறவனுக்குப் பேஸ்தான் தரை. ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டின் பேஸை நினைத்துப் பாருங்கள், அது நடக்க ஆரம்பித்ததுமே கால் தானாகப் போய்விடும். அந்தத் தரையை எடுத்துவிட்டு ஒருவன் பாட்டுப் போட்டிருக்கிறான் என்றால் பையனுக்கு நம்ப முடியவில்லை. மறுபடி போடச் சொன்னான். கடைக்கு வெளியே, சாக்கடைப் பலகை மேல் நின்று, அந்தப் பாட்டுக்கு ஆட முயற்சி செய்தான். முதல் தடவை தடுமாறினான். மூன்றாவது தடவை பிடித்துவிட்டான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "ஆனாலும் எங்க ஆளுதான் பெருசு" என்றான். லோகோ நண்பர், "ஓகே மேன், பட் நீ டான்ஸ் ஆடினே இல்ல?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் சனிக்கிழமை சாயங்காலம் என் கடையில் இதே வழக்கு நடந்தது. "எங்க ஆளு ஜூன்ல பொறந்தான், உங்க ஆளு ஆகஸ்ட்ல, ரெண்டு மாசம் சீனியர் மேன்" என்பார் அவர். இரண்டு பேரும் 1958-ல் பிறந்தவர்கள், அது உண்மைதான். இவன் விற்பனையைச் சொல்வான், 'திரில்லர்' அமெரிக்க ஆல்பப் பட்டியலில் 37 வாரம் முதல் இடத்தில் இருந்ததைச் சொல்வான். அவர் 'பர்ப்பிள் ரெயின்' இருந்த 24 வாரத்தைச் சொல்வார். ஆனால் அந்த எண்களை வைத்து நீண்ட நேரம் பேச முடியாது. 37 பெரியதா 24 பெரியதா என்பதில் பேச என்ன இருக்கிறது? ஐந்து நிமிஷத்தில் அது தீர்ந்துவிடும். தீராமல் இழுத்தது வேறு. 'திரில்லர்' ஆல்பத்தின் ஒன்பது பாட்டில் நான்குதான் ஜாக்சன் எழுதியது, மற்றதெல்லாம் வேறு ஆட்கள் எழுதியது, பிரின்ஸோ தன் குழுவை வைத்துக்கொண்டு எழுதுவது, வாசிப்பது, பதிவு செய்வது எல்லாம் தானே செய்கிறவர் என்று அட்டையைக் காட்டி லோகோ நண்பர் வாதாடுவார். "யார் எழுதினா இன்னாணா, யாருகிட்ட எத வாங்கறதுன்னு தெரியணும்ல? 'பீட் இட்' பாட்டுல கிட்டாருக்குன்னு எட்டி வான் ஹேலனையே இட்டாந்தான்ல" என்பான் பையன். சமைக்கத் தெரிந்தவன் பெரியவனா, பந்தி நடத்தத் தெரிந்தவன் பெரியவனா என்கிற மாதிரி போகும் அந்தப் பேச்சு. இட்லிக் கடை அம்மா ஒருவர் நின்று கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்.

இதில் நான் யாருடைய கட்சி என்று கேட்பார்கள். நான் 'திரில்லர்' தட்டில் வரும் 'ஹியூமன் நேச்சர்' பாட்டின் கட்சி. அது ஜாக்சன் எழுதியதில்லை, ஆனால் ஜாக்சன் குரல் அதில் இருக்கிற மாதிரி வேறு எதிலும் இல்லை. பிரின்ஸ் ஆளான லோகோ நண்பரே அந்தப் பாட்டு வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்.

எங்கள் பக்கத்தில் இது புதுப் பழக்கமும் இல்லை. சாவு வீட்டில் கானா பாட இரண்டு பேர் வந்துவிட்டால், டோலக்கும் தட்டுமாக விடிய விடியப் போகும். ஜனம் பெஞ்சிலும் திண்ணையிலும் உட்கார்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் யாருடைய பாட்டு நின்றது என்று பேசும். 1992-க்குப் பிறகு என் கடையில் ராஜா கட்சி, ரகுமான் கட்சி என்று பிரிந்தபோதும் அப்படித்தான். அந்தக் கதையைச் சொன்னால் உங்கள் பேப்பர் முழுவதும் தேவைப்படும், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ராஜா கட்சிக்காரர் ஒருவர் ரகுமான் கேசட்டைத் திட்டுவதற்காகவே வாங்கிக்கொண்டு போவார். முழுசாகக் கேட்காமல் திட்டினால் தன் வாதம் நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

லோகோ நண்பர் வேலையை விட்டு 1989-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். பையன் இங்கேயே ஆட்டோ ஓட்டினான். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள். 2009 ஜூன் 26-ந் தேதி காலையில் ஜாக்சன் இறந்த செய்தி வந்தபோது ஆட்டோவை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து பேசாமல் உட்கார்ந்தான். நாற்பத்துமூன்று வயது ஆள். என் வீட்டுக்காரி டீ கொடுத்தாள், குடிக்கவில்லை. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது 2016 ஏப்ரலில் நடந்தது. பிரின்ஸ் இறந்த மறுநாள் அதே ஆட்டோ வந்து நின்றது. "அண்ணா, அந்த பழைய கேசட்டு உன்கிட்ட இருக்குதா? பி பக்கம் போடு" என்றான். போட்டேன். கடைசிப் பாட்டு எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும், கிட்டார் அழுதுகொண்டே போகும், ஒரு கிளப்பில் ஜனங்களுக்கு முன்னால் வாசித்ததைப் பதிவு செய்தது அது. முடிகிற வரைக்கும் தலை குனிந்து கேட்டான். பிறகு என் போனை வாங்கி ஆஸ்திரேலியாவுக்குப் பேசினான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அரை மணி நேரம் பேசினார்கள்.

முப்பது வருஷம் பிரின்ஸின் பாட்டோடு சண்டை போட்டதால்தான் அவர் போனபோது இவனுக்கு அழத் தெரிந்தது. கடிதம் எழுதிய ஆசிரியர் கிள்ளச் சொன்ன முளை இதுதான் என்பதால் இவ்வளவும் சொன்னேன்.

அவர் கவலைப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது சண்டையில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் பேத்தி பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பி.டி.எஸ் என்ற கொரியப் பையன்கள் குழுவின் ரசிகை, அந்த ரசிகர்கள் தங்களை ஆர்மி என்று சொல்லிக்கொள்வார்கள். கீழ்வீட்டுப் பெண் பிளாக்பிங்க் என்ற கொரியப் பெண்கள் குழுவின் கட்சி, அந்த ரசிகர்களுக்கு பிளிங்க் என்று பெயர். இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். போன மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் பேத்தியும் அவள் ஆயாவும் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தலையணைக்குப் பக்கத்தில் அவள் போன், அதற்குப் பக்கத்தில் அவள் அம்மாவின் பழைய போன். இரண்டிலும் வெளிச்சம். குனிந்து பார்த்தேன். இரண்டிலும் ஒரே பாட்டு, ஒன்றில் கொஞ்சம் முன்னால், ஒன்றில் கொஞ்சம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கொசு ரீங்காரம் மாதிரி கேட்டது. முடிந்தது, தானாகவே மறுபடி ஆரம்பித்தது. பேத்தி புரண்டு படுத்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்று நாலு தடவை அந்தப் பாட்டைக் கேட்டேன். யாராவது ஒருவராவது கேட்க வேண்டும் போல இருந்தது.

காலையில் கேட்டேன். "தாத்தா, உனக்குப் புரியாது. நைட்டெல்லாம் ஓட விட்டாத்தான் கவுண்ட் ஏறும். முழுசா ம்யூட் பண்ணா கணக்குல சேராதாம், அதான் கொஞ்சமா சவுண்டு வெச்சிருக்கேன். இல்லன்னா அவங்க ஜெயிச்சிடுவாங்க" என்றாள். கீழ்வீட்டிலும் அதே மாதிரி ராத்திரி ஓடுகிறது என்றாள். இரண்டு வீட்டிலும் பாட்டு ஓடுகிறது, இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

பிறகு பேத்தியையே உட்கார வைத்து இந்தக் கணக்கு எப்படி என்று விசாரித்தேன். அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடும் ஆல்பப் பட்டியலில் 2014 கடைசியிலிருந்து இணையத்தில் பாட்டு ஓடுவதையும் விற்பனையாகச் சேர்க்கிறார்கள். 2018-ல் வைத்து 2025 வரை இருந்த விகிதப்படி காசு கட்டிக் கேட்பவர்கள் 1,250 தடவை, இலவசமாகக் கேட்பவர்கள் 3,750 தடவை ஓட்டினால் ஓர் ஆல்பம் விற்ற மாதிரி. சரி, ஆனால் அந்தப் பட்டியலுக்கு அமெரிக்காவுக்குள் ஓடுவதுதான் கணக்கு. புளியந்தோப்பில் ராத்திரி ஓடுவது அதில் சேரவே சேராது. உலகம் முழுக்க ஓடுவதைச் சேர்க்கிற பில்போர்டின் பாட்டுப் பட்டியல் 2020 செப்டம்பரில்தான் தொடங்கியது, அதில் ஏதோ ஒரு துளியாகச் சேரலாம். இது தெரிந்ததும் பேத்தி முகம் வாடிவிட்டது. "அப்ப இவ்ளோ நாள் ஓட்டினது?" என்றாள். எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை அதை அன்பில் செய்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "கண்ணு, கீழ்வீட்டுப் பொண்ணு கட்சியோட ஆல்பத்த நீ முழுசா கேட்டிருக்கியா?" இல்லை என்றாள். "உங்க கட்சி ஆல்பத்தயாவது முதல்லேந்து கடைசி வரைக்கும் வரிசையா கேட்டிருக்கியா?" பதில் இல்லை.

பரணிலிருந்து பழைய டெக்கை இறக்கினேன். உள்ளே பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்து, ரிச்சி தெருவில் புது பெல்ட் வாங்கிப் போட்டேன். பிரிக்காத அறுபது நிமிஷக் கேசட் ஒன்று இருந்தது. பி.டி.எஸ் 2020 நவம்பரில் வெளியிட்ட ஆல்பத்துக்கு 'பி' என்று பெயர், 'இரு' என்று பொருள். எட்டு டிராக், 28 நிமிஷம் சொச்சம். பிளாக்பிங்க் அதே வருஷம் அக்டோபரில் வெளியிட்டதற்கு 'தி ஆல்பம்' என்றே பெயர். அதிலும் எட்டு, 24 நிமிஷம் சொச்சம். ஒரு பக்கம் அரை மணி நேரம் என்பதால் இரண்டும் ஒரே கேசட்டில் அடங்கியது. போனிலிருந்து ஒயர் போட்டு, லெவல் பார்த்து, உட்கார்ந்து ஏற்றினேன். இருபது வருஷத்துக்கு அப்புறம் அந்த ஊசி ஆடுவதைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களையும் கூப்பிட்டேன். போன்கள் இரண்டும் பிரிட்ஜ் மேலே. ஏ பக்கம் பி.டி.எஸ். மூன்றாவது பாட்டு 'ப்ளூ அண்ட் கிரே', மனசு சோர்ந்துபோனவன் பாடுகிற பாட்டு, மெதுவாக வந்தது. கீழ்வீட்டுப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள் கையைக் கீழே இறக்கினாள். நான்காவது பாட்டே இல்லை, ஏழு பையன்களும் பேசிச் சிரிக்கிற மூன்று நிமிஷம். இது என்ன என்று கேட்டாள். பேத்திக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் கட்சி ஆல்பத்தில் அவள் எப்போதுமே தாவிப்போன இடம் அது! அப்புறம் தேடிப் பார்த்துச் சொன்னாள், தங்கள் 'டைனமைட்' பாட்டு அமெரிக்காவில் முதல் இடத்துக்கு வந்ததைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். அந்த 'டைனமைட்' எட்டாவதாக, கடைசியில் வருகிறது. ஆயிரம் தடவை தனியாக ஓட்டிய பாட்டு, அந்தச் சோர்ந்த பாட்டையெல்லாம் தாண்டி வந்து கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது என்று பேத்தியே சொன்னாள்.

பி பக்கம் போட்டோம். பேத்தி கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். பிளாக்பிங்க் என்றால் வெறும் அதட்டல் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். ஐந்தாவதாக 'லவ்சிக் கேர்ள்ஸ்' வந்தபோது கட்டிய கையிலேயே விரல் தாளம் போட்டது. கடைசிப் பாட்டு 'யூ நெவர் நோ' சத்தமே போடாமல் ஆரம்பிக்கும். அது முடிந்து, மிச்சம் இருந்த ஐந்து நிமிஷ வெற்று டேப்பும் ஓடியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. டெக் தானாக டக்கென்று நின்றபோதுதான் பேச ஆரம்பித்தார்கள்.

ஆரம்பித்ததும் அசல் சண்டை. 24 நிமிஷம் எல்லாம் ஒரு ஆல்பமா என்றாள் என் பேத்தி. உங்களதில் மூன்று நிமிஷம் வெறும் பேச்சு, அதைக் கழித்தால் ஏழு பாட்டுதானே என்றாள் அவள். உங்களதில் இரண்டு பாட்டுக்கு அமெரிக்காக்காரிகளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், எங்கள் ஆட்கள் அவர்களே எழுதுகிறவர்கள் என்றாள் இவள். அப்போது அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள், "டைனமைட் யாரு எழுதினது?" அது வெளியாட்கள் இரண்டு பேர் எழுதிய பாட்டு. என் பேத்தி வாயடைத்துப் போனாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, ஆசிரியர் அவர்களே. யார் எழுதினால் என்ன, யாரிடம் எதை வாங்குவது என்று தெரிய வேண்டும் என்று 1985-ல் அந்தப் பையன் சொன்ன அதே வாதத்தைப் பத்து நிமிஷத்தில் என் பேத்தி தானாகவே கண்டுபிடித்துப் பேசினாள். அவளுக்கு நான் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. அவள் ஆயா சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். ஏழு மணி வரைக்கும் போனது. போன்கள் பிரிட்ஜ் மேலேயே இருந்தன.

மொழி தெரியாத பாட்டு என்று கடிதம் எழுதியவர் சொல்கிறார். வியாசர்பாடிப் பையனுக்கு அந்த அட்டையில் இருந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரியாது. பில்லி ஜீன் என்பது பெண்ணா ஆணா என்றுகூட என்னைத்தான் கேட்டான். என் பேத்தி இந்தப் பாட்டுகளால் கொரிய எழுத்தே எழுதப் பழகிவிட்டாள். அவர்களும் அம்மாவை 'ஓம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும்தான் கூப்பிடுகிறார்களாம், அதைச் சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் சினிமா, இசைப் பக்கங்களில் ஒரு பாட்டோ ஆல்பமோ வந்தால் 24 மணி நேரத்தில் இத்தனை கோடி பார்வைகள், இன்னாரை இன்னார் முந்தினார் என்பதுதான் செய்தியாக வருகிறது. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் ராத்திரி போனை ஓட விடுகிறார்கள். அந்த இடத்தில், உங்கள் நிருபர் ஒருவரை அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்கச் சொல்லி, பத்து வரி எழுத வையுங்கள். மூன்றாவது பாட்டில் வயலின் நன்றாக இருக்கிறது, ஆறாவது பாட்டு தேவையே இல்லை, யார் எழுதியது, யார் வாசித்தது, இவ்வளவு போதும். பாடகர் தமிழோ, கொரியரோ, அமெரிக்கரோ யாராக இருந்தாலும் சரி. வாசிக்கிறவர்கள் உங்கள் நிருபரோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அந்தக் கடிதங்களையும் போடுங்கள்.

கடிதம் எழுதிய ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் இளமைக் காலத்தில் உங்களுக்கும் ஒரு பாடகர் இருந்திருப்பார், அவருக்கு எதிராக இன்னொருவரும் இருந்திருப்பார். என்னிடம் பிரிக்காத தொண்ணூறு நிமிஷக் கேசட் இன்னும் இரண்டு இருக்கிறது. உங்களுக்குப் பிடித்தவரின் பாட்டுகளைச் சொல்லுங்கள், 45 நிமிஷத்துக்கு ஏற்றி வைக்கிறேன். இன்னொரு பக்கத்துக்கு என் பேத்தி தேர்ந்தெடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். என் முகவரி இந்தப் பத்திரிகை அலுவலகத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் ரெக்கார்டிங் கடைக்காரர்,
புளியந்தோப்பு, சென்னை - 600 012